அழைப்புக் கடிதம் சொல்லாதவை: அமெரிக்கச் சட்டப்பள்ளிக்குப் புறப்படும் சட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்ட ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை நேரத்தில் எனக்குச் சில ஃபோன்கள் வரும். அமெரிக்கச் சட்டப்பள்ளி ஒன்றிலிருந்து வருகை ஆய்வாளராக அழைப்பு வந்திருக்கிறது என்று மகிழ்ச்சியோடு பேச ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு தயங்கும். "கடிதத்துல மேசை தருவோம், நூலக அனுமதி தருவோம்னு போட்டிருக்கு சார். வீடு, இன்சூரன்ஸ் பத்தியெல்லாம் ஒண்ணுமே இல்லையே?" என்பார்கள். நான் தென் மாவட்டச் சட்டக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவன். மனைவியோடும் மகளோடும் பாஸ்டன் வட்டாரத்துச் சட்டப்பள்ளி ஒன்றில் ஒரு கல்வியாண்டு இருந்துவிட்டு வந்தவன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இந்த மடலில் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான். அங்கே நீங்கள் மாணவரும் இல்லை, ஊழியரும் இல்லை. எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை படிக்க வரும் மாணவருக்கு அறிமுக வாரம் உண்டு, விடுதி உண்டு, மாணவர் மருத்துவமனை உண்டு. பேராசிரியராகச் சேருகிறவருக்கு மனிதவளப் பிரிவு ஒரு கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடும். வருகை ஆய்வாளர் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாதவர். யாரும் கெட்ட எண்ணத்தோடு நம்மை விட்டுவிடுவதில்லை. நம்மைக் கவனிப்பது யாருடைய வேலை என்று அங்கே எழுதி வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். அதனால் வசதிகள் இருந்தும் தாமாக நம்மிடம் வந்து சேராது, கேட்டால்தான் கிடைக்கும். நம் ஊரில் வளர்ந்த நமக்குக் கேட்பதென்றால் கூச்சம். "கூப்பிட்டதே பெரிசு, இதையெல்லாம் போய்க் கேட்பதா" என்று நான் நினைத்தேன். அந்தக் கூச்சத்தால் எனக்கு முழுதாக இரண்டு மாதம் போயிற்று.

முதலில் கேட்க வேண்டியது விசாவின் உட்பிரிவைப் பற்றி. கல்விப் பரிமாற்றத்துக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசா என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடிப்படையாக, அழைக்கும் பல்கலைக்கழகம் தரும் டி.எஸ்.-2019 படிவத்தில் உங்களை எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. 'குறுங்கால ஆய்வாளர்' என்று ஒரு பிரிவு, அதிகபட்சம் 6 மாதம், நீட்டிக்க முடியாது. 'ஆராய்ச்சி ஆய்வாளர்' என்று இன்னொரு பிரிவு, அதிகபட்சம் 5 ஆண்டு. பார்த்தவுடன் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும். ஆனால் ஆராய்ச்சி ஆய்வாளராகப் போய் நான்கே மாதத்தில் வேலையை முடித்துத் திரும்பிவிட்டால் மீதி ஆண்டுகள் உங்கள் கணக்கில் சேமிப்பாக இருக்காது. திட்டம் முடிந்த நாளிலிருந்து 24 மாதம் மறுபடி அதே பிரிவிலோ பேராசிரியர் பிரிவிலோ போக முடியாது. ஜே-2 விசாவில் கூட வந்த குடும்பத்தாருக்கும் இந்தத் தடை உண்டு. குறுங்கால ஆய்வாளராகப் போய் வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு செமஸ்டர் மட்டும் போய்வந்தார். அடுத்த ஆண்டே வேறொரு சட்டப்பள்ளி அவரை முழு ஆண்டுக்கு அழைத்தது. அந்த வாய்ப்பு கைநழுவியது. படிவம் தயாராவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும், பிரிவை மாற்றியிருப்பார்கள். ஆறு மாதத்துக்குள் திரும்புவது உறுதி என்றால் குறுங்காலப் பிரிவைக் கேளுங்கள். நீட்டிக்க வேண்டிவரலாம் என்று சந்தேகம் இருந்தால் மற்றதைக் கேளுங்கள். டி.எஸ்.-2019 கைக்கு வந்த பிறகு இதை யோசித்துப் பயனில்லை.

இதோடு சேர்த்துக் கேள்விப்படும் இன்னொரு சொல் 'இரண்டாண்டு வீட்டு வாசம்'. சில ஜே-1காரர்கள் சொந்த நாட்டில் இரண்டாண்டு இருந்து முடிக்காமல் வேலைக்கான எச் விசாவோ எல் விசாவோ, நிரந்தரமாகக் குடியிருக்கும் கிரீன் கார்டோ வாங்க முடியாது என்ற விதி அது. சொந்த நாட்டுக்குத் தேவையான திறன்கள் என்று அமெரிக்க அரசு நாடுவாரியாக வைத்திருக்கும் பட்டியலின் வழியாக நம்மவர்கள் பலர் அதில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு, அதாவது ஃபுல்பிரைட்-நேரு போன்ற உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு, அந்த விதி இன்னும் பொருந்தும். உங்கள் விசாவில் என்ன குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

விசா வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவுக்கு அமெரிக்க அரசு வாங்கும் செவிஸ் கட்டணம் 220 டாலரை நேர்காணலுக்கு முன்பே கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் தனி. 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி கேட்கும் கேள்விகள் எளியவை: என்ன ஆராய்ச்சி, ஏன் அந்தப் பள்ளி, செலவு யாருடையது, திரும்பி வந்து என்ன செய்வீர்கள். சட்டம் படிக்காத உறவினர் ஒருவருக்கு விளக்குவதுபோல உங்கள் ஆராய்ச்சியை மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். அங்கே போன பிறகும் அந்த மூன்று வாக்கியம் நாள்தோறும் தேவைப்படும்.

அழைத்த பேராசிரியர் அந்தப் பருவத்தில் ஊரில் இருப்பாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் போய் இறங்கிய பருவத்தில் என்னை அழைத்தவர், பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்காக எடுக்கும் ஓய்வாண்டு விடுப்பில் வேறு நாட்டில் இருந்தார். நல்ல மனிதர், மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடுவார். ஆனால் பக்கத்து அறையில் இருந்து "வாங்க, இவரை அறிமுகப்படுத்துகிறேன்" என்று கூட்டிக்கொண்டுபோக ஆள் இல்லை. முதல் பருவம் முழுதும் நான் தனியாகவே சுற்றினேன். காலண்டரையும் பாருங்கள். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை ஒரு பருவம், ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் இறுதி வரை இன்னொன்று. மே மாதப் பட்டமளிப்பு முடிந்ததும் கட்டடங்கள் வெறிச்சோடிவிடும். நமக்குக் கோடை விடுமுறை வசதி என்று மே, ஜூன், ஜூலைக்குப் போகிறவர்கள் உண்டு. நூலகம் மட்டும் போதும் என்றால் அது நல்ல காலம்தான், கூட்டம் இருக்காது. மனிதர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் செப்டம்பரில் அங்கே இருங்கள்.

இன்சூரன்ஸில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜே-1க்கும் ஜே-2க்கும் சட்டமே ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக ஊருக்குக் கொண்டுசெல்ல 50,000 டாலர், இறந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர், நம் கையிலிருந்து முதலில் கட்டவேண்டிய 'டிடக்டிபிள்' தொகை ஒரு தடவைக்கு 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. விதியின் முக்கியமான அளவுகள் இந்த நான்கு. ஆனால் இவை இருந்தாலும் வரும் மருத்துவச் செலவு முழுதும் அதில் அடங்காது. நான் விதிக்கு ஏற்ற மலிவான பாலிசியை வாங்கினேன். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மகளுக்குக் காதுவலி. அழுகை தாங்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்து நிமிடம் பார்த்தார்கள், மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒருவரும் பணம் கேட்கவில்லை. கேட்காமல் பரிசோதிக்க வேண்டும் என்று 1986-இலேயே சட்டம் இருக்கிறது. பணம் வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு பில் வந்தது, அது மருத்துவமனையுடையது. இன்னொரு வாரம் கழித்து மற்றொன்று, அது மருத்துவருடையது. இரண்டும் தனித்தனி என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கள் கையிலிருந்து போனது ஒரு மாதக் காய்கறி, மளிகைச் செலவு.

அதே காதுவலிக்கு மறுநாள் காலையில் 'அர்ஜன்ட் கேர்' என்ற சிறு மருத்துவ நிலையத்துக்குப் போயிருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 911 என்ற அவசர எண், அவசரப் பிரிவு, யோசிக்கவே கூடாது. காய்ச்சல், காதுவலி, சுளுக்கு என்றால் அர்ஜன்ட் கேர். போவதற்கு முன் உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவ நிலையங்களின் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்பள்ளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஊழியர் அல்லது மாணவர் இன்சூரன்ஸில் வருகை ஆய்வாளரைப் பணம் கட்டிச் சேர்க்க முடியுமா, பல்கலைக்கழக மருத்துவமனையை நாங்கள் பயன்படுத்தலாமா. சில இடங்களில் முடியும், சில இடங்களில் முடியாது. பதில் எதுவானாலும் இங்கிருந்து கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். பல், கண் இரண்டையும் இங்கேயே பார்த்துவிட்டுப் போங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

வீடு. இதில்தான் நம்மவர்கள் அதிகம் அழுகிறார்கள். பாஸ்டன் பக்கம் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் செப்டம்பர் 1-இல் தொடங்கி மறு ஆகஸ்டில் முடியும். ஆகஸ்ட் கடைசி நாளில் தெருவெல்லாம் லாரிகள், நடைபாதையெல்லாம் மெத்தைகள். (அந்த மெத்தைகளை எடுத்து வராதீர்கள். மூட்டைப்பூச்சி ஒருமுறை வந்தால் போகாது. மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எடுக்கலாம்.) பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டப்படி வீட்டுக்காரர் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத அட்வான்ஸ், பூட்டு மாற்றும் செலவு, இந்த நான்கைத்தான் தொடக்கத்தில் கேட்கலாம். நான் போனபோது இதற்கு மேல் புரோக்கருக்கும் ஒரு மாத வாடகை கொடுத்தேன். 2025 ஆகஸ்ட் முதல் புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவரே கூலி தர வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. நியூயார்க் நகரத்திலும் அதே ஆண்டு ஜூனில் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஆகவே வீட்டுக்காரர் வைத்த புரோக்கர் உங்களிடம் கேட்டால், சட்டம் படித்தவர் நீங்கள், தயங்காமல் பேசுங்கள். நியூயார்க்கில் அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது 2019-இலிருந்து சட்டம். ஆனால் மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் காட்டு என்பது அங்கே வீட்டுக்காரர்களின் வழக்கம். கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதைக் காட்டும் கிரெடிட் வரலாறு அங்கே இல்லாத, டாலரில் சம்பளம் இல்லாத நமக்கு அது சுவர் மாதிரி.

அந்தச் சுவரைச் சுற்றிப் போக வழி உண்டு. ஓய்வாண்டுக்கு வெளியூர் போகும் பேராசிரியர்கள் தங்கள் வீட்டை, சாமான்களோடு, இன்னொரு கல்வியாளருக்கு வாடகைக்கு விடுவார்கள். அதற்கென்றே சபாட்டிக்கல் ஹோம்ஸ் என்ற தளம் இருக்கிறது. அவர்களுக்கு உங்கள் கிரெடிட் எண்ணைவிட உங்கள் அழைப்புக் கடிதம் பெரிது. தனியாகப் போகிறவர்களுக்கு நியூயார்க்கில் 1924-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஹவுஸ், பெர்க்லியில் 1930-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஹவுஸ் போன்ற விடுதிகள் உண்டு. சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வெளிவளாக வீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும்விட, இந்த ஆண்டு அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பும் வருகை ஆய்வாளர்கள் யார் என்று சட்டப்பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் காலி செய்யும் வீடு, பாத்திரம், குளிர்காலக் கோட்டு எல்லாம் ஒரே கையிலிருந்து உங்களுக்கு வரும்.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை வயர் செய்யுங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எனக்கு ஒருவர் எழுதினார். படங்கள் அழகாக இருந்தன, வாடகை குறைவு. நான் வங்கிக்குப் போக வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள், "அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு பார்க்க நமக்கு அங்க யாருமே இல்லியா?" சட்டப்பள்ளி அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணிக்கு எழுதினேன். அவர் மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்து, அங்கே வேறு குடும்பம் வாடகைக்கு விடாமல் சொந்தமாகக் குடியிருக்கிறது என்று எழுதினார். அவரை நான் என்றும் மறக்க மாட்டேன். அவரிடம் கேட்கவும் நான் இரண்டு நாள் தயங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி நூலகம். நாம் போவதே அதற்காகத்தானே. ஹார்வர்டின் லாங்டெல் மண்டபத்தில் இருப்பது உலகிலேயே மிகப் பெரிய பல்கலைக்கழகச் சட்ட நூலகம். அதில் பத்தில் ஒரு பங்கு உள்ள நூலகம்கூட நம் கண்ணுக்குக் கடலாகத் தெரியும். ஆனால் 'நூலக அனுமதி' என்று கடிதத்தில் இருப்பதற்கு ஊருக்கு ஊர் வேறு பொருள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, உள்ளே உட்கார்ந்து மட்டும் படிக்கலாமா? வெளியிலிருந்து தரவுத்தளங்களைத் திறக்கலாமா, கட்டடத்துக்குள் மட்டுமா? தேர்வு வாரங்களில் வெளியாருக்குக் கதவு அடைப்பார்களே, அப்போது நம் அட்டை திறக்குமா? வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற சட்டத் தரவுத்தளங்கள் இரண்டையும் பற்றித் தனியாகக் கேளுங்கள். அந்த நிறுவனங்களோடு சட்டப்பள்ளிகள் போட்டிருக்கும் ஒப்பந்தம் பல இடங்களில் மாணவருக்கும் நிரந்தர ஆசிரியருக்கும் மட்டுமே கடவுச்சொல் தருகிறது. நான் எல்லாமே கிடைக்கும் என்று நம்பி ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டு போனேன். முதல் இரண்டு வாரம் கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தேன். வராது என்று மூன்றாவது வாரம் சொன்னார்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியவர் நூலகர். நம் ஊரில் நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று நினைத்துப் பழகிவிட்டோம், அது நம் தவறு. அங்கே சட்ட நூலகர்களில் பலர் சட்டப் பட்டமும் நூலகப் பட்டமும் இரண்டும் பெற்றவர்கள். பெரிய நூலகங்களில் அயல்நாட்டுச் சட்டத்துக்கும் ஒப்பீட்டுச் சட்டத்துக்கும் தனி நூலகரே உண்டு. அவரிடம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதுங்கள், போன முதல் வாரத்திலேயே. என் தலைப்பைக் கேட்டுவிட்டு அவர் ஹைன்ஆன்லைன் என்ற சட்ட இதழ்த் தரவுத்தளத்தில் எந்தத் தொகுப்பைப் பார்க்க வேண்டும், எந்த வழிகாட்டிப் பக்கத்தை நூலகம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது, எந்தப் புத்தகத்தை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வரவழைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நான் ஆறு மாதத்தில் கண்டுபிடித்திருக்க முடியாதது அந்தத் தாளில் இருந்தது. பழைய புத்தகங்களில் பல ஊருக்கு வெளியே கிடங்கில் இருக்கும். கேட்டால் ஓரிரு நாளில் வந்துவிடும், ஆகவே கடைசி வாரத்துக்கு எதையும் ஒத்திப்போடாதீர்கள்.

அலமாரிகளில் கே.எஃப். என்று குறித்திருப்பது அமெரிக்கச் சட்டம். இந்தியச் சட்டத்துக்குக் கே.என்.எஸ். ஒரு நாள் அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தபோது, 1891-இல் மயிலாப்பூரில் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் பழைய தொகுதிகளைப் பார்த்தேன். நம் கல்லூரியில் அட்டை பிய்ந்து, பாதி தொகுதிகள் காணாமல் போயிருந்த அதே வரிசை. அங்கே ஒன்றுகூடக் குறையாமல் நின்றது. நெடுநேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அனுமதி முடியும் நாளில் மின்னஞ்சலும் தரவுத்தளமும் பெரும்பாலும் அன்றே நின்றுபோகும். தேவையானதை முறைப்படி சேமித்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் இலவசமாகத் திறக்கும் கதவுகளை அங்கே இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள். ஹார்வர்டு சட்ட நூலகம் 1658 முதலான அமெரிக்கத் தீர்ப்புகள் ஏறத்தாழ 67 லட்சத்தை ஸ்கேன் செய்து கேஸ்லா ஆக்சஸ் புராஜெக்ட் என்று பொதுவில் வைத்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லீகல் இன்ஃபர்மேஷன் இன்ஸ்டிடியூட் 1992 முதல் சட்டங்களை இலவசமாகத் தருகிறது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்குக் கோப்புகளுக்குப் பேசர் என்ற தளம் உண்டு. பக்கத்துக்கு 10 சென்ட், ஆனால் மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் கட்டணம் இல்லை. பிறர் அங்கிருந்து எடுத்த ஆவணங்களைக் கோர்ட்லிஸனர் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். திருநெல்வேலியில் உட்கார்ந்து நான் இன்றும் என் மாணவர்களுக்கு இவற்றிலிருந்துதான் பாடம் எடுக்கிறேன்.

வகுப்புகளில் உட்கார ஆசைப்படுவீர்கள். உட்காருங்கள். பருவம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பேராசிரியருக்குச் சுருக்கமாக எழுதி அனுமதி கேளுங்கள். கேட்காமல் போய் உட்காருவது அங்கே மரியாதைக் குறைவு. நாலு வரி போதும்: நான் யார், யாருடைய அழைப்பில் வந்திருக்கிறேன், ஏன் இந்த வகுப்பு, அமைதியாகப் பின்வரிசையில் இருப்பேன். 'புரொஃபசர்' என்று குடும்பப் பெயரோடு எழுதுங்கள். பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். மதிய உணவு நேரத்தில் நடக்கும் பேச்சுகளுக்கும் ஆசிரியர் கருத்தரங்குகளுக்கும் அழைப்புப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், தானாகச் சேராது. இரண்டாம் பருவத்தில் நான் துணிந்து "என் கட்டுரையை ஒருமுறை முன்வைக்கலாமா" என்று கேட்டேன். பன்னிரண்டு பேர் படித்துவிட்டு வந்து ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். என் பத்தொன்பது ஆண்டுப் பணியில் என் எழுத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை.

வேறு பல்கலைக்கழகத்திலிருந்து பேச அழைத்து மதிப்பூதியம் தருவதாகச் சொன்னால், ஒப்புக்கொள்வதற்கு முன் பல்கலைக்கழகத்தில் உங்கள் ஜே-1 விசாவைக் கவனிக்கும் அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போனால் அது அனுமதியற்ற வேலையாகிவிடும். அங்கே சட்ட இதழ்களை மாணவர்களே நடத்துகிறார்கள் என்பதும், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம் என்பதும், பிப்ரவரியும் ஆகஸ்டும் தான் அதற்கான பருவம் என்பதும் தெரிந்திருந்தால் எழுத்து வேலையைத் திட்டமிட வசதி.

நீதிமன்றங்களுக்குப் போங்கள். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அழைப்பு வேண்டாம். 1692-இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் பாஸ்டனில் ஜான் ஆடம்ஸ் கட்டடத்தில் அமர்கிறது. வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் அக்டோபர் முதல் திங்களன்று தன் ஆண்டைத் தொடங்கும். வாதத்துக்குப் பெரும்பாலும் ஒரு தரப்புக்கு அரை மணி நேரம்தான். மதுரைக் கிளையில் ஒரு நாளில் அழைக்கப்படும் வழக்குகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரே வழக்கை ஒரு மணி நேரம் ஒன்பது நீதிபதிகள் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுக் கேட்பதைப் பார்த்தது பெரிய பாடம். சில கட்டடங்களில் ஃபோனை உள்ளே விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

வரியைப் பற்றி இரண்டு வரி. சம்பளமே இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித்துறைக்கு 8843 என்ற படிவத்தை, கூட வந்த குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஜூன் 15-க்குள் அனுப்ப வேண்டும். அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள், இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இரண்டாண்டு வரை விலக்குத் தருகிறது. இரண்டாண்டைத் தாண்டினால் பழைய விலக்கும் சேர்ந்து போய்விடக்கூடும். நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் இதை நினையுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: குழந்தைக்கு அரசுப் பள்ளி இலவசம், முகவரிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கேட்பார்கள். தடுப்பூசி விவரங்களை இங்கேயே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் நூலகத்தில் உறுப்பினராகுங்கள். நான் சட்ட நூலகத்தில் கிடந்த நாட்களில் என் மனைவி தனியாக இருந்தாள். அவளுக்கு முதல் தோழிகள் கிடைத்தது ஊர் நூலகத்தின் ஆங்கில உரையாடல் வட்டத்தில்தான், ஒருவர் பிரேசில், ஒருவர் கொரியா. அந்த வட்டம் இருப்பதை டிசம்பரில்தான் கண்டுபிடித்தோம். அந்த நான்கு மாதத் தனிமைக்கு நான்தான் பொறுப்பு. உங்கள் ஆராய்ச்சிக்கு எத்தனை கேள்வி எழுதுகிறீர்களோ, கூட வருகிறவருக்காகவும் அத்தனை எழுதுங்கள்.

மிக்ஸியைத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸி ஓடாது. பச்சைக் கறிவேப்பிலையை விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள், எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதோடு வரும் என்பதால். சாம்பார்ப் பொடி, புளி பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. போய்வந்தவர்களில் பலர் திரும்பியதும் கருத்தரங்குகளில் அமெரிக்க அனுபவம் என்று பேசுகிறார்கள். எந்த வீட்டில் இருந்தீர்கள், எந்த இன்சூரன்ஸ், எந்த அலுவலர் உதவினார், எந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது, இவற்றையும் நாலு பக்கம் எழுதி உங்கள் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். என் நாலு பக்கத்தை எங்கள் நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். போன ஆண்டு அதைப் படித்துவிட்டுப் போன இளம் ஆசிரியை ஒருவர், தன் டி.எஸ்.-2019 தயாராவதற்கு முன்பே பதினொரு கேள்விகளைச் சட்டப்பள்ளிக்கு எழுதி அனுப்பினார். எட்டுக்கு இரண்டே நாளில் பதில் வந்தது. மூன்றைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை, விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அடுத்த வாரம் அவற்றுக்கும் பதில் வந்துவிட்டது.

அன்புடன்,
ஒரு சட்ட ஆசிரியர்
திருநெல்வேலி